ஈபே ஏலத்துக்கு வருகிறவர்களை என் ஸ்டோரில் உள்ள மற்றப் பொருள்களையும் பார்க்க வைப்பது எப்படி?

நீங்கள் பழைய ஃபிலிம் கேமராக்களை அமெரிக்க ஈபே தளத்தில் ஏலத்துக்கு விடுகிறீர்கள். ஏலத்துக்குக் கூட்டம் வருகிறது, ஆனால் ஸ்டோரில் நிலையான விலைக்கு வைத்திருக்கும் லென்ஸ், மூடி, ஃபில்டர் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இதுதானே கேள்வி?

ஒரு ஏலத்தில் பத்துப் பேர் போட்டி போட்டாலும் கேமரா போவது ஒருவருக்குத்தான். மற்ற ஒன்பது பேரும் பணத்தோடு வந்து வெறுங்கையோடு திரும்புகிறார்கள். உங்கள் ஸ்டோருக்கு வர வேண்டியவர்கள் அவர்கள். பெரும்பாலான விற்பனையாளர்கள் ஜெயிக்கப் போகிறவரை மட்டும் மனத்தில் வைத்து லிஸ்டிங் (பொருளுக்கான விற்பனைப் பக்கம்) எழுதுவதால் இந்த ஒன்பது பேரும் கைநழுவிப் போகிறார்கள்.

எதை ஏலத்துக்கு விடுகிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஸ்டோரில் எது நிறைய இருக்கிறதோ, அதைத் தேடுகிறவர் விரும்பக்கூடிய பொருளை ஏலத்துக்கு எடுங்கள். உதாரணத்துக்கு பென்டாக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை தயாரான கேமரா. இன்றும் ஃபிலிம் பழகுகிறவர்கள் தேடி வாங்குவது. இதில் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்கு ஆன், ஆஃப் சுவிட்ச் கிடையாது. லென்ஸை மூடி வைத்தால்தான் அது ஓயும். திறந்தே வெளிச்சத்தில் கிடந்தால் உள்ளே இருக்கும் எல்ஆர்44 பேட்டரி வீணாகத் தீர்ந்துவிடும். இதோடு வரும் 50 மி.மீ. லென்ஸுக்கு 49 மி.மீ. விட்டமுள்ள மூடி வேண்டும். பின்கதவு ஓரத்தில் ஒளி புகாமல் தடுக்கும் ஃபோம் பட்டை இத்தனை வருடத்தில் கறுப்புப் பிசின்போல இளகி, தொட்டால் விரலில் ஒட்டும். ஆக, கே1000 வாங்குகிற யாருக்கும் மூடியும் ஃபோம் பட்டையும் தேவைப்படும். இந்த ஏலத்தில் தோற்று வேறு இடத்தில் கே1000 வாங்கப் போகிறவருக்கும் அதே தேவைதான்.

இதை லிஸ்டிங்கின் விவரத்தில் அப்படியே எழுதுங்கள்: “இந்த கேமராவில் ஒளிமானியை அணைக்கத் தனி சுவிட்ச் இல்லை, பயன்படுத்தாதபோது மூடி போட்டு வையுங்கள். 49 மி.மீ. மூடிகளும் ஃபில்டர்களும் இங்கே.” அந்த ‘இங்கே’யில் லிங்க். “என் மற்றப் பொருள்களையும் பாருங்கள்” என்று பொதுவாகப் போட்டால் யாரும் சொடுக்குவதில்லை. எதற்காகப் பார்க்க வேண்டும் என்று அதில் சொல்லப்படவில்லையே.

லிங்க் எங்கே போய் நிற்கிறது என்பது முக்கியம். ஸ்டோர் முகப்புக்குக் கொண்டுபோனால், மூடி தேடி வந்தவர் நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு நடுவே நின்று திரும்பிவிடுவார். தனி லிஸ்டிங்குக்குக் கொண்டுபோனால், அது விற்றுப்போன மறுநாள் லிங்க் செத்துவிடும். ஸ்டோர் வகைப் பக்கத்துக்குக் கொடுப்பதே சரி. அதற்கு முதலில் வகைகள் ஒழுங்காக இருக்க வேண்டும். ‘ஆக்சஸரீஸ்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டாமல் ‘49 மி.மீ. மூடி, ஃபில்டர்’, ‘பென்டாக்ஸ் கே மவுன்ட் லென்ஸ்’ என்று வாங்குகிறவர் தேடுகிற விதத்தில் பெயர் வையுங்கள். லிஸ்டிங் போடும்போது ஸ்டோர் வகையைத் தேர்வு செய்ய மறந்தால் பொருள் ‘அதர்’ என்ற குவியலில் போய் விழும். ஒரு பொருளை இரண்டு ஸ்டோர் வகைகளில் வைக்கலாம். பென்டாக்ஸ் 28 மி.மீ. லென்ஸை அது எந்த மவுன்ட்டில் (கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையம்) சேருமோ அந்த வகையின் கீழும், அகலக்கோண லென்ஸ்களின் கீழும் வையுங்கள்.

மொபைலில் பார்க்கிறவர்களுக்கு விவரம் முழுதாகத் தெரியாது, தட்டினால்தான் விரியும். அதனால் மூடி பற்றிய வரி மேலேயே வரட்டும். அகலமான டேபிள், பெரிய பேனர் எல்லாம் போனில் சிதறும். ஜாவாஸ்கிரிப்ட் 2017லிருந்தே விவரத்தில் செல்லாது. சொந்த வெப்சைட், போன் நம்பர், ஈமெயில் எதையும் போடாதீர்கள், லிஸ்டிங்கையே தூக்கிவிடுவார்கள். படத்தின் மேல் எழுத்து ஒட்டுவதும் விதிமீறல்தான். தலைப்பில் 80 எழுத்துகளுக்கு இடம் உண்டு என்பதற்காக கே1000 ஏலத்தில் நிக்கான், கேனான் பெயர்களைத் திணிக்காதீர்கள்.

அடுத்தது தபால் செலவு. இதில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். சில கிராம் எடையுள்ள மூடிக்குத் தனியாகத் தபால் கட்டணம் காட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். கேமரா போகிற பெட்டியிலேயே மூடியும் போகும். ஷிப்பிங் அமைப்புகளில் சேர்த்து அனுப்பும் விதியைப் போட்டு, கூடுதல் பொருளுக்கு 0 டாலர் என்று வைத்துவிடுங்கள். “ஏலத்தில் ஜெயித்தால் பணம் கட்டுமுன் மூடியையும் கார்ட்டில் போடுங்கள், கூடுதல் தபால் செலவு இல்லை” என்று விவரத்திலும் சொல்லுங்கள். ஏலம் முடிந்ததும் பணம் தானாக எடுக்கும்படி உங்கள் கணக்கு இருந்தால் இப்படிச் சேர்த்துக் கட்ட வழியிருக்காது. அந்த அமைப்பை ஒருமுறை சரிபாருங்கள். தனித்தனியாகக் கட்டியிருந்தால் கூடுதல் தபால் தொகையைப் பகுதி ரீஃபண்டாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேட்டரியை மட்டும் வெளிநாட்டுப் பார்சலில் வைக்க வேண்டாம். எல்ஆர்44 என்று நம்பரைச் சொன்னால் போதும், அது எங்கும் கிடைக்கும்.

ஏலம் முடியும் நேரத்தில்தான் கண்கள் அதிகம், கடைசி நொடியில் விலை கேட்கிறவர்கள் அப்போதுதான் வந்து காத்திருப்பார்கள். அமெரிக்க வாங்குபவர்களுக்கு ஞாயிறு மாலை பசிபிக் நேரம் 6 மணி நல்ல நேரம். கிழக்குக் கரையில் அப்போது இரவு 9. இந்தியாவில் திங்கள் காலை 6.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 7.30. 7 நாள் ஏலம் தொடங்கிய அதே நேரத்தில்தான் முடியும், அதனால் தொடங்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்து வையுங்கள். மூன்று கேமராக்கள் இருந்தால் ஒரே நிமிடத்தில் முடிக்காமல் 10, 15 நிமிட இடைவெளி விடுங்கள். முதல் ஏலத்தில் தோற்றவர் சூடு ஆறுமுன் இரண்டாவதற்கு வருவார். ஒன்றாக முடித்தால் கூட்டம் பிரிந்து மூன்றும் குறைந்த விலைக்குப் போகும்.

தோற்றவர்களுக்கு ஈபேயே ஒரு வழி வைத்திருக்கிறது: செகண்ட் சான்ஸ் ஆஃபர். அதே போன்ற இன்னொரு கேமரா கையில் இருந்தால், அவர் கேட்ட அதிகபட்சத் தொகைக்கே அவருக்குக் கொடுக்க முன்வரலாம். ஏலம் முடிந்து 60 நாள் வரை அனுப்பலாம். கையில் இரண்டாவது கேமரா இல்லாமல் இதை அனுப்பக் கூடாது. ஏலம் கேட்டவர்களுக்கு விளம்பர மெசேஜ் அனுப்புவதும் கூடாது, புகார் போனால் கணக்குக்கே ஆபத்து.

0.99 டாலரில் தொடங்குவதைக் கே1000 போலத் தேவை நிச்சயமாக உள்ளவற்றுக்கு மட்டும் செய்யுங்கள். யாரும் தேடாத கேமராவை அப்படி விட்டால் ஒருவர் மட்டும் கேட்டு ஒரு டாலருக்குள் எடுத்துக்கொண்டு போவார், ஸ்டோருக்கும் யாரும் வர மாட்டார்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஆர்டர் பட்டியல் போதும். ஏலக் கேமராவோடு ஸ்டோர் பொருளும் சேர்ந்து போன ஆர்டர்கள் எத்தனை, ஏலம் முடிந்த இரண்டு மூன்று நாளில் 49 மி.மீ. மூடிகள் எத்தனை விற்றன என்று வாரவாரம் எழுதி வையுங்கள். மூடி விற்காமல் லென்ஸ் மட்டும் நகர்ந்தால் அடுத்த ஏல விவரத்தின் முதல் வரியில் லென்ஸ் லிங்கை வையுங்கள்.