நாலு சுரத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

கேள்வி: ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லிக்கு பேஸ் கிட்டார் வாசித்த ஆஸ்டன் 'ஃபேமிலி மேன்' பாரெட் 2024இல் இறந்துபோனார். அவருடைய ரசிகர்கள் இன்னும் ஓயவில்லை. "அவர் இல்லாவிட்டால் மார்லியே இல்லை", "அவரை ஏமாற்றிவிட்டார்கள்" என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார், அவ்வளவுதான். லண்டன் நீதிமன்றமே அவர் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. 41 குழந்தைகள் பெற்றதால்தான் 'ஃபேமிலி மேன்' என்ற பெயராம். இவருக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: எதில் கேட்டீர்கள் என்று எழுதவில்லையே! கைபேசி ஸ்பீக்கரில்தான் என்றால், உங்கள் தீர்ப்பை நான் தள்ளுபடி செய்ய அந்த ஒரு காரணமே போதும். தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்குச் சுமார் 41 தடவை, அதிர்கிறது. நகத்தளவு ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கம் போகவே தெரியாது. உங்களுக்குக் கிடைத்தது மார்லியின் குரல், கிட்டாரின் 'சக்... சக்', அப்புறம் பேஸின் மேல்சாயல் கொஞ்சம். இந்த இசை வளர்ந்தது ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டன் தெருக்களில், ஆளுயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகளின் முன்னால். 'சவுண்ட் சிஸ்டம்' என்பார்கள். அங்கே பேஸ் முதலில் நெஞ்சில் இடிக்கும், காதுக்கு அப்புறம்தான் வரும். பாரெட் வாசித்தது அந்தப் பெட்டிகளுக்காக.

சரி, நல்ல ஹெட்ஃபோனில்தான் கேட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நாலு சுரமா, ஆறு சுரமா என்று எண்ணிக்கைச் சண்டைக்கு நான் வரவில்லை. அந்தச் சுரங்களை எங்கே வைக்கிறார், எங்கே வைக்காமல் விடுகிறார் என்று கவனித்தீர்களா?

ராக், சோல் போன்ற இசையில் நாலு அடித் தாளத்தின் முதல் அடி பலமாக விழும். கேட்பவர் காலூன்றி நிற்பது அந்த அடியில்தான். ரெகேயின் 'ஒன் டிராப்' தாளத்தில் டிரம்காரர் அந்த முதல் அடியையே விட்டுவிடுகிறார். பலமான அடி மூன்றாவதில்தான் விழுகிறது. கிட்டார் இரண்டிலும் நாலிலும் வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அப்படியானால் பாட்டைத் தாங்குவது யார்? பேஸ். பாரெட் அங்கேயும் அவசரப்பட்டு இடத்தை நிரப்புவதில்லை. ஒரு வரியை வாசிப்பார், விடுவார், கேட்பவர் அந்த இடைவெளியை மனதுக்குள் நிரப்பி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். பேஸ் வாசிக்கும்போது தாழ்ந்த குரலில் பாடுகிற ஒரு பாடகனாகவே தன்னை நினைத்துக்கொள்வதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்தப் பாட்டுகளில் ரசிகர்கள் பேஸ் வரியையே தனியாக முணுமுணுப்பது அதனால்தான். வேறு எந்த இசையில் அப்படி முணுமுணுக்கிறார்கள், சொல்லுங்கள்.

1977இல் வந்த மார்லியின் 'எக்ஸோடஸ்' பாட்டு ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, கிட்டத்தட்ட ஒரே கார்டில், அதாவது ஒரே சுரக்கூட்டில். அதில் ஒன் டிராப் இல்லை. டிரம் வாசிக்கிற தம்பி கார்ல்டன் நாலு அடியிலும் கிக் டிரம்மை மிதிக்கிறார், நடைப்பயணம் போகிற கூட்டம் மாதிரி. தாளத்தில் இடைவெளியே இல்லாத இடத்தில் அண்ணன் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வரியைச் சுருக்கி, இறுக்கி, உருட்டிக்கொண்டே போகிறார். கார்டு மாறவே மாறாத ஏழு நிமிடம் அலுக்காமல் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான். திரும்பத் திரும்ப வாசிப்பது சுலபம் என்று நினைப்பவர், ஒரே வரியை ஏழு நிமிடம் வேகம் கூடாமல், குறையாமல் வாசித்துப் பார்க்கட்டும்.

அண்ணன் 1946இலும் தம்பி 1950இலும் கிங்ஸ்டனில் பிறந்தவர்கள். ஆஸ்டனின் முதல் பேஸ் அவரே செய்துகொண்டது. உடலுக்கு ப்ளைவுட், கழுத்துக்கு ஒரு மரச்சட்டம், பிரிட்ஜாக ஓர் ஆஷ்ட்ரே. கார்ல்டனின் முதல் டிரம், காலி பெயிண்ட் டப்பாக்கள். 1960களின் கடைசியில் இருவரும் 'ஹிப்பி பாய்ஸ்' குழுவில் இருந்தார்கள். அப்புறம் தயாரிப்பாளர் லீ பெர்ரியின் 'அப்செட்டர்ஸ்'. 'வெய்லர்ஸ்' குழுவின் மார்லி, பீட்டர் டோஷ், பன்னி வெய்லர் மூவரும் 1970 வாக்கில் பெர்ரியிடம் பாட வந்தபோது பின்னால் வாசித்தவர்கள் இந்தச் சகோதரர்கள். வெய்லர்ஸ் பெர்ரியை விட்டுப் போனபோது இவர்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் பெர்ரிக்கு வந்த கோபம் ஜமைக்கா இசை உலகில் பிரசித்தம். நாலு சுரத்துக்காக யாரும் அத்தனை கோபப்படுவதில்லை.

பாரெட்டிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் ராபி ஷேக்ஸ்பியர். 1973இல் வந்த வெய்லர்ஸின் 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பத்தின் முதல் பாட்டான 'காங்க்ரீட் ஜங்கிள்'ல் பேஸ் வாசித்தது ராபிதான். பின்னாளில் டிரம்காரர் ஸ்லை டன்பாருடன் சேர்ந்து பீட்டர் டோஷ், பிளாக் உஹுரு, கிரேஸ் ஜோன்ஸ் என்று பலருக்கு வாசித்து, குருவுக்கு நிகராகப் பெயர் வாங்கினார். 2021 டிசம்பரில் போய்விட்டார். குருவா சிஷ்யனா, யார் பெரியவர் என்று ரசிகர்கள் அடித்துக்கொள்வதை நானும் பார்த்திருக்கிறேன். அந்தச் சண்டையில் எனக்கு அக்கறையில்லை.

ரசிகர்களுக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டியிருக்கிறது. "அவர் இல்லாவிட்டால் மார்லியே இல்லை" என்பது அபத்தம். பாரெட் சகோதரர்கள் வருவதற்கு முன்பே, 1964இல், 'சிம்மர் டவுன்' என்ற பாட்டால் வெய்லர்ஸ் ஜமைக்காவை ஆட்டிவைத்துவிட்டார்கள். பாரெட் இல்லாமலும் மார்லி இருந்திருப்பார். ஆனால் உலகம் இன்று 'மார்லி' என்றதும் காதில் ஒலிக்கிற அந்த ஓசை இருந்திருக்காது. இதுவே பெரிய விஷயம். இதற்கு மேல் ஊதினால் பாரெட்டின் பங்கு என்ன என்பதே மங்கிவிடும். டீ-ஷர்ட்டில் இருக்கிற முகத்தை அழித்துவிட்டு இன்னொரு முகத்தை அச்சடிப்பதால் யாருக்கு என்ன லாபம்?

இப்போது உங்கள் நீதிமன்றத்துக்கு வருகிறேன். 2006இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் பாரெட் தொடுத்த வழக்கு, தனக்காகவும் தம்பியின் வாரிசுக்காகவும். கார்ல்டனை 1987இல் கிங்ஸ்டனில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றிருந்தார்கள். இசை நிறுவனத்திடமும் மார்லி குடும்பத்திடமும் கேட்ட தொகை 6 கோடி பவுண்டு வரை என்று செய்திகள் வந்தன. வழக்கு தோற்றது. முக்கியக் காரணம், 1994இல் அவர் கையெழுத்திட்ட சமரச ஒப்பந்தம். சில லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு, இனி ராயல்டி கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். சில பாட்டுகளை எழுதியதில் தங்களுக்குப் பங்கு உண்டு என்ற வாதத்தையும் நீதிபதி ஏற்கவில்லை. 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று எழுதுகிற ரசிகர்களில் எத்தனை பேர் அந்த 1994 கையெழுத்தைச் சொல்கிறார்கள்? அதே மாதிரி, தீர்ப்பைக் காட்டி அவர் வாசிப்பை மட்டம் தட்டுகிறீர்களே, அந்தத் தீர்ப்பில் அப்படி எங்கே இருக்கிறது? நீதிபதி பார்த்தது பத்திரத்தையும் சாட்சியங்களையும். பேஸ் வாசிப்புக்கு அவர் மார்க் போடவில்லை.

சட்டத்தின் கண்ணில் பாட்டு என்றால் பெரும்பாலும் வரிகளும் மெட்டும்தான். வாசித்தவருக்கு அன்றைய கூலி. இந்தக் கணக்கில் பேஸ் வரிக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு கதை. 1969இல் ஹாரி ஜே ஆல் ஸ்டார்ஸ் என்ற பெயரில் 'லிக்விடேட்டர்' வெளிவந்தது. பாடலே இல்லாத வாத்திய இசை. அதில் பேஸ் வாசித்தது பாரெட். பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்தது. செல்சி, உல்வர்ஹாம்ப்டன் ரசிகர்கள் கால்பந்து மைதானங்களில் அதற்குக் கை தட்டியே வளர்ந்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1972இல், அமெரிக்காவில் ஸ்டேபிள் சிங்கர்ஸ் 'ஐல் டேக் யூ தேர்' பாடினார்கள். அதன் தொடக்கம் 'லிக்விடேட்டர்'தான். அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. எழுதியவர் என்று இசைத்தட்டில் இருந்தது ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் ஆல் பெல் பெயர் மட்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், பாட்டின் நடுவே பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸ், பேஸ் வாசிக்கிற டேவிட் ஹுட்டைப் பெயர் சொல்லியே கூப்பிட்டு ஊக்கப்படுத்துகிறார். ஜமைக்காவில் முதலில் வாசித்தவர் பெயர் எங்குமே இல்லை.

பெயர் போட்டிருந்தால் மட்டும் நியாயம் நடந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். மார்லியின் தட்டுகளில் வரும் எழுதியவர் பெயர்களே ஒரு தனிக் குழப்பம். 'நோ உமன் நோ க்ரை'யை எழுதியவர் வின்சென்ட் ஃபோர்ட் என்று இருக்கும். கிங்ஸ்டனின் ட்ரென்ச்டவுன் பகுதியில் ஏழைகளுக்கு சூப் ஊற்றிக்கொண்டிருந்த நண்பர் அவர். 1973 முதல் 1976 வரையிலான 13 பாட்டுகளை வைத்து 2014இல் லண்டனில் இன்னொரு வழக்கு நடந்தது. பாட்டு உரிமைகளைக் கவனிக்கிற பழைய பதிப்பு நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தத்திலிருந்து தப்பிக்க மார்லி வேண்டுமென்றே மற்றவர் பெயர்களைப் போட்டார் என்பது அதில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. 'ஹூ த கேப் ஃபிட்' பாட்டுக்குப் பாரெட் சகோதரர்களின் பெயர் இருக்கிறது. அது உழைப்புக்கான பெயரா, ஒப்பந்தத்துக்கான பெயரா? அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யாருக்கும் எதையும் நிரூபிக்க முடியாது. ரசிகர்களுக்கும்தான், உங்களுக்கும்தான்.

கடைசியாக அந்தப் பட்டப்பெயர். 41 குழந்தைகள் என்று பத்திரிகைகள் எழுதியது உண்மை. ஆனால் பெயர் வந்தது குழந்தைகளுக்கு முன்பு. இசைக்குழுவைக் குடும்பம் மாதிரி கட்டிக் காக்க ஒருவர் வேண்டும், அது நான்தான் என்று அவரே வைத்துக்கொண்ட பெயர் என்பது அவர் சொன்ன விளக்கம். பெயருக்கு ஏற்றபடியே நடந்துகொண்டார். 1981இல் மார்லி இறந்த பிறகும் வெய்லர்ஸ் குழுவைப் பல வருடங்கள் மேடையேற்றிக்கொண்டிருந்தார். ஜமைக்கா அரசு 2021இல்தான் விருது கொடுத்தது, 74 வயதில். 2024 பிப்ரவரி 3இல் மயாமியில் இறந்தார். 11 நாள் கழித்து மார்லியைப் பற்றிய ஹாலிவுட் படம் வெளியானது. அதில் ஃபேமிலி மேனாக நடித்தவர் அவர் மகன் ஆஸ்டன் ஜூனியர்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். முதலில் 'லிக்விடேட்டர்', உடனே 'ஐல் டேக் யூ தேர்'. இரண்டும் சேர்ந்து எட்டு நிமிடம்கூட ஆகாது. அதன் பிறகும் ஆர்ப்பாட்டம் அதிகம் என்று பட்டால் எழுதுங்கள், பிரசுரிக்கிறோம்.