செவ்வாயில் புயல் அடித்தால் படம் தோற்றதா?

கேள்வி: 2015இல் வந்த 'தி மார்ஷியன்' படத்தை அறிவியல் புனைவின் உச்சம் என்று கொண்டாடுகிறார்கள். ஆனால் கதையைத் தொடங்கி வைக்கும் புயலே செவ்வாயில் நடக்காது என்கிறார்கள். அடித்தளமே பொய் என்றால் மிச்சத்தை எப்படி நம்புவது? ஒரு வில்லன்கூட இல்லாமல், ஒருவர் உருளைக்கிழங்கு பயிரிடுவதை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா?

பதில்: புயல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசினாலும் உடம்பில் இளங்காற்றுபோலத்தான் படும், ராக்கெட்டைச் சாய்க்காது. நாவலை எழுதிய ஆண்டி வியரே இதைத் தெரிந்துதான் எழுதியதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நாயகனை அங்கே தனியாக விட்டுவர அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

அந்த ஒன்றுக்காகப் படத்தையே தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. உயிர்பிழைக்கும் கதையில் நான் முதலில் பார்ப்பது கணக்கு. ஆறு பேருக்கு என்று வந்த உணவை ஒருவர் சாப்பிட்டால் 300 நாள். வயிற்றைக் கட்டினால் 400. அடுத்த ஆட்கள் வந்து சேர நான்கு வருடம். இடையில் விழும் பள்ளத்தை நிரப்பத்தான் உருளைக்கிழங்கு. கிழங்குக்குத் தண்ணீர் வேண்டும். ராக்கெட் எரிபொருளான ஹைட்ரஸீனைப் பிரித்து, அதில் வரும் ஹைட்ரஜனை எரித்துத் தண்ணீராக்குகிறார். முதல் முயற்சி வெடித்து அவரைத் தூக்கி எறிகிறது. தாம் வெளியே விட்ட மூச்சிலும் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். உடையில் புகை அடங்குவதற்குள் கேமரா முன் வந்து உட்கார்ந்து, தப்பு எங்கே நடந்தது என்று சொல்கிறார் பாருங்கள், அந்த ஒரு நிமிடத்தை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு வில்லன் வேண்டுமா என்று சொல்லுங்கள்.

மற்ற குறைகளும் உண்டு. செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு இருப்பதை 2008இலேயே ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டுபிடித்தது. படம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஈர்ப்பு விசை பூமியில் உள்ளதில் 38 சதவீதம்தான், நடையில் அது தெரியவே இல்லை. இவற்றை நான் பெரிதுபடுத்த மாட்டேன். மண்ணைத் தண்ணீரில் அலசினால் உப்பு போய்விடும். நடையைக் காட்டப் படம் முழுக்க நடிகரைக் கயிற்றில் தொங்கவிட வேண்டியிருக்கும்.

எனக்கு உறுத்துவது வேறு. குடியிருப்பின் கதவுப் பகுதி பிய்த்துக்கொண்டு போன பிறகு, அந்த ஓட்டையை பிளாஸ்டிக் விரிப்பாலும் டேப்பாலும் மூடுகிறார். ஹெல்மெட் இல்லாமல் மூச்சுவிடும் அளவுக்கு உள்ளே காற்று நிரம்பியிருந்தால், அந்த விரிப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் பல டன் அழுத்தம் வெளியே தள்ளும். தாங்கினால் பலூன்போல விறைத்து நிற்க வேண்டும். படத்திலோ இரவுக் காற்றில் படபடவென்று அடிக்கிறது. புயல் கதைக்கு வெளியே நின்று அதைத் தொடங்கிவைக்கிறது. இந்த விரிப்போ அவர் போராடிக்கொண்டிருக்கும் இடத்தின் நடுவில் இருக்கிறது. அதுவரை கிராம் கிராமாகக் கணக்குப் பார்த்த படம் இங்கே நம்மை ஏமாற்றுகிறது.

அப்புறம் அந்தக் கையுறை. கிளைமாக்ஸில் விண்வெளி உடையின் கையுறையைக் கிழித்து, பீறிடும் காற்றை வைத்து, தம்மை மீட்க வந்தவரை நோக்கிப் பறந்து போகிறார். நாவலில் அது யோசனையாக வந்து, விண்வெளிக் குழுவின் தலைவியால் அங்கேயே மறுக்கப்படுகிறது. படத்தில் செய்தே காட்டிவிட்டார்கள். நீட்டிய கையிலிருந்து விசை வந்தால் உடம்பு பம்பரமாகச் சுழலும், குறிபார்த்துப் போய்ச் சேருவது நடக்கிற காரியம் இல்லை. நான் மதிப்பெண் குறைத்தது அங்கேதான். புயலுக்குக் குறைக்கவில்லை.