பேட்டரியை மாற்றி மாட்டிய மகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் சரிவருமா?

ஐயா, ப்ராஜெக்ட் போர்டில் பிளஸ், மைனஸை மாற்றி மாட்டி எரித்துவிட்டாள், அன்றிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை, சாஃப்ட்வேர் பக்கம் அனுப்பிவிடலாமா என்று கேட்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். அந்த எரிந்த போர்டையும் தூக்கிப் போட வேண்டாம்.

முனை மாறுவது அனுபவசாலிகளுக்கும் நேர்வதுதான். வாகன எலக்ட்ரானிக்ஸுக்கான ஐஎஸ்ஓ 16750-2 தரநிலையில், மாற்றி இணைத்துப் பார்க்கும் சோதனையே தனியாக இருக்கிறது. இதற்கு எளிய காவல், கரன்ட் வரும் வழியில் ஒரு டயோடு, அதாவது கரன்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம். ஆனால் சாதாரண சிலிக்கான் டயோடு சுமார் 0.7 வோல்ட்டை விழுங்கிவிடும். 2 ஆம்பியர் ஓடினால் 1.4 வாட் வெறும் சூடாகிப் போகும். அதே இடத்தில் ஆன் ஆகும்போது 20 மில்லிஓம் தடை மட்டுமே உள்ள பி-சேனல் மாஸ்ஃபெட் (கேட் என்ற முனையின் வோல்டேஜால் ஆன், ஆஃப் ஆகும் ஸ்விட்ச் போன்ற பாகம்) வைத்தால் இழப்பு 0.08 வாட்தான்.

ஹார்டுவேர் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சுற்றில் மாஸ்ஃபெட்டின் மற்ற இரண்டு கால்களில் டிரெயினை பேட்டரி பக்கமும் சோர்ஸை லோடு (மின்சாரம் போய்ச் சேரும் போர்டு) பக்கமும் வைப்பது ஏன்? சரியாக இணைத்தால், மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் பாடி டயோடு வழியாக முதலில் கரன்ட் நுழையும், சோர்ஸ் உயரும், கேட் கிரவுண்டில் இருப்பதால் மாஸ்ஃபெட் ஆன் ஆகிவிடும். முனை மாறினால் மாஸ்ஃபெட்டும் ஆன் ஆகாது, பாடி டயோடும் விடாது. வழக்கமான திசையில், அதாவது சோர்ஸை பேட்டரி பக்கம் வைத்து, மாட்டியிருந்தால், முனை மாறியதும் அதே பாடி டயோடு வழியாகவே கரன்ட் பாய்ந்துவிடும். இதை உங்கள் மகள் தாளில் வரைந்து உங்களுக்கே விளக்கட்டும்.

அடுத்து, மாஸ்ஃபெட்டின் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத் தாளை) திறக்கச் சொல்லுங்கள். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே தாங்கும் வரம்பு 20 வோல்ட் என்றிருந்தால் 24 வோல்ட் சப்ளைக்கு என்ன செய்வாள்? (கேட்டுக்கு ஒரு ரெசிஸ்டர், கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே, வோல்டேஜை சுமார் 12-க்கு மேல் ஏறவிடாத 12 வோல்ட் ஜீனர் டயோடு.) சப்ளை சட்டென்று சரிந்தால், கெப்பாசிட்டரில் இருக்கும் சார்ஜ் பின்னோக்கி ஓடுவதை இந்தச் சுற்று தடுக்காது என்பதையும் அவளே கண்டுபிடிக்கட்டும்.

பிறகு சாதாரண டயோடு, ஷாட்கி (குறைந்த வோல்ட்டை விழுங்கும் டயோடு வகை), மாஸ்ஃபெட் மூன்றையும் கட்டி, பெஞ்ச் சப்ளையில் (வோல்டேஜை மாற்றிக்கொள்ளக்கூடிய ஆய்வக மின்வழங்கியில்) கரன்ட் லிமிட் வைத்து, முனையை மாற்றியும் அளந்து, இரண்டு பக்கத்தில் எழுதட்டும். சோதனைப் பொறியாளர், பவர் சப்ளை வடிவமைப்பு வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது, எரிந்த போர்டின் படத்தோடு அதையும் சேர்த்து அனுப்பலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் எந்தப் பாகம் முதலில் எரிந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசையே அவளுக்கு வரவில்லை என்றால், அப்போது சாஃப்ட்வேர் பற்றி அவளையும் வைத்துக்கொண்டு பேசுவோம்.