வெளிநாட்டுக் குழுவோடு கூட்டாய்வு செய்தால் நமக்குப் பெயர் கிடைக்குமா?

கேட்டவர் கிழக்கில் எங்கோ இறுதி வருடம் படிப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். பெயர் கிடைக்கும். யாருடைய பெயர் என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

சில வருடங்களுக்கு முன் மட்டக்களப்பு வாவியில் சுனாமிப் படிவு, அதாவது அலை கொண்டுவந்து விட்டுப்போன மணல், தேடி மூன்று நாட்டு ஆட்கள் வந்தார்கள். நான் தற்காலிக ஆய்வுகூட உதவியாளர். தோணி பிடித்தது, சேறு கலங்காத இடத்தை மீன்காரரிடம் விசாரித்தது, இடுப்பளவு தண்ணீரில் நின்று சேற்றை அடுக்குக் குலையாமல் எடுக்கும் குழாயை அடித்து இறக்கியது எல்லாம் நான்தான். குழாயைப் பிளந்தால், கறுத்தச் சேற்றுக்கு மேல் ஒரு விரல் தடிப்பில் வெள்ளை மணல். 2004 டிசம்பர் 26. அந்தக் கடல்தான் என் அப்பாவைக் கொண்டுபோனது. அவர்களிடம் அதைச் சொல்லவில்லை. விமானம் ஏறும்வரை குழாய்கள் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் கிடந்தன. மீன் வைக்க இடமில்லை என்று அம்மா இரண்டு கிழமை ஏசினார்.

மறுகா கட்டுரை வந்தது. நன்றி சொன்ன பத்தியில் அப்பாவின் பெயர்! தகப்பன் பெயரை நாங்கள் முன்னால் போடுவது அவர்களுக்குத் தெரியாது, முதலில் இருந்ததையே என் பெயரென்று போட்டுவிட்டார்கள். நான் திருத்தச் சொல்லவில்லை. அம்மா அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருக்கிறார்.

வெள்ளைக்காரரைத் திட்டுகிறான் என்று கீழே எழுத வராதீர்கள். மணலின் வயதைக் கணிக்கும் கருவி எங்களிடம் இருக்கவில்லை, அவர்கள் வராவிட்டால் அந்தக் கோடு சேற்றுக்குள்ளேயே கிடந்திருக்கும். சேறு அள்ளியவனெல்லாம் கட்டுரையின் ஆசிரியரா என்பீர்கள். இயற்பியலில், ஹிக்ஸ் என்ற அணுவிலும் நுண்ணிய துகளின் நிறையைச் சொன்ன 2015ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள்; 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதியிலும், தரவு சேகரிப்பில் கணிசமாக உழைத்தவருக்கு வரைவைத் திருத்தும் வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்றுதான் இருக்கிறது. எனக்கு வரைவே வரவில்லை.

ஆகவே தோணி ஏறமுன் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்: யார் யார் பெயர் வரும், வரைவு கண்ணில் காட்டுவார்களா, குழாயில் பாதி இங்கே இருக்குமா. கேட்டால் கோபிக்கமாட்டார்கள். கேட்காமல் இருந்தது என் பிழை.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுரையில் ஐந்தாவது பெயர் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருடையது. வெள்ளைக்காரர் அல்ல. அவர் வாவிக்கரைக்கு வந்தது ஒரே ஒரு நாள், அதுவும் படம் எடுக்க. சப்பாத்தில் சேறு பட்டதென்று என்னைத்தான் கழுவச் சொன்னார்.