30 நாள் கடந்துவிட்டது, இனி மேல்முறையீடு செய்ய முடியாதா?

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டிய துறைமுகத்தை விரிவாக்க மத்திய அமைச்சகம் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்து 40 நாள் ஆகிவிட்டதாம். எங்களுக்குப் போன வாரம்தான் தெரியும். இப்போது எதிர்க்க முடியுமா? வீட்டுக்கு 2,000 ரூபாய் கொடுத்தால் தடை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: முதலில் அவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். தடையை யாரும் 'வாங்கித் தர' முடியாது. மேல்முறையீடு போட்டாலே வேலை நின்றுவிடாது. இடைக்காலத் தடைக்குத் தனி மனு போட்டு, அவசரம் என்னவென்று காட்ட வேண்டும். இந்த மேல்முறையீட்டை விசாரிப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அதாவது சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தனி நீதிமன்றம். இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்கு அங்கே கட்டணம் 1,000 ரூபாய், அதுவும் ஊர் முழுமைக்கும் சேர்த்து. நீங்களே நேரில் வாதாடவும் சட்டத்தில் இடமிருக்கிறது. வெற்றுத்தாளிலோ நிரப்பாத வக்காலத்திலோ கையெழுத்துப் போட்டுவிட்டால், உங்கள் பெயரில் யார் யாரோடு சமரசம் பேசுகிறார்கள் என்றே உங்களுக்குத் தெரியாது.

சரி, நாள் கணக்குக்கு வருவோம். 2010-ஆம் ஆண்டு பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு 30 நாள் தருகிறது. தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தாமதத்தை மன்னிக்கலாம். ஆக மொத்தம் 90. 91-ஆம் நாள் போனால், உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் மனுவைத் தொடமாட்டார்கள். 'ஆறு மாதம் டைம் இருக்கு' என்று சிலர் சொல்வார்கள். அது 14-ஆம் பிரிவு, வேறு வகைத் தகராறுகளுக்கானது; அனுமதியை எதிர்க்க உதவாது.

எந்த நாளிலிருந்து எண்ணுவது? உங்கள் காதில் விழுந்த நாளிலிருந்து அல்ல. உத்தரவு பொதுவில் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து. அமைச்சகம் இணையத்தில் ஏற்றுகிறது, நிறுவனம் மாவட்டத்தில் வரும் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும், ஊராட்சி 30 நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். மூன்றும் மூன்று தேதியில் நடந்திருந்தால், முதலில் வந்ததையே எடுப்பார்கள். விளம்பரம் பொடி எழுத்தில் ஒரு மூலையில் கிடக்கும், ஊராட்சிக்கு வந்த நகல் பீரோவில் தூங்கும். இணையதளத்தைத் தினம் திறந்து பார்ப்பது கடலுக்குப் போகிறவன் வேலையாம்! இருந்தாலும் கணக்கு அப்படித்தான்.

அதனால் அனுமதிக் கடிதத்தின் தேதியிலிருந்தே எண்ணுங்கள், அதுதான் பாதுகாப்பு. அப்படியானால் உங்களிடம் 50 நாள் இருக்கிறது. சென்னையிலுள்ள தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீட்டோடு தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போடுங்கள். அதில் 'தெரியாது' என்று மட்டும் எழுதினால் போதாது. எப்போது, யார் மூலம் தெரிந்தது, அப்புறம் என்ன செய்தீர்கள் என்று தேதிவாரியாகச் சொல்லுங்கள்.

நில இழப்பீட்டுக் குறையை இதில் கலக்காதீர்கள், அதற்கு வழி வேறு. அறிவிப்பு ஒட்டப்பட்டதா என்று ஊராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் இருக்கிறது. அதற்காகக் காத்திருக்காமல் முதலில் மனுவைப் போட்டுவிட்டு, பதில் வந்ததும் கூடுதல் ஆவணமாகச் சேருங்கள்.