ஆல்கலைன் தண்ணீர் ரத்தத்தின் அமிலத்தைக் குறைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 46. அடிக்கடி நெஞ்செரிச்சல் வருகிறது. ஆல்கலைன் (காரத்தன்மை கூடிய) தண்ணீர் குடித்தால் உடம்பில் சேர்ந்த அமிலம் குறையும் என்று இயந்திரம் விற்பவர் சொல்கிறார். சிறுநீரில் அமில அளவு காட்டும் தாளை நனைத்து, நிறம் மாறுவதையும் காட்டினார். எனக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் கழிக்க வேண்டிய ஒரு கழிவு) சற்றுக் கூடுதல். வாங்கலாமா?

பதில்: அமிலத்தைக் குறைக்கத்தான் என்றால் வேண்டாம்.

அமிலமா காரமா என்று காட்டும் அளவுதான் பி.எச்.; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். ரத்தத்தின் பி.எச். அளவு 7.35 முதல் 7.45 வரை. அதைவிட்டு விலகினால் அதற்குப் பின்னால் ஏதோ நோய் இருக்கிறது என்று பொருள். தண்ணீரை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. இந்த அளவைக் காப்பது ரத்தத்தில் உள்ள பைகார்பனேட் (அமிலத்தை முறிக்கும் பொருள்), நுரையீரல், சிறுநீரகம் மூன்றும் சேர்ந்துதான். ரத்தத்தில் அமிலமாக மாறும் கார்பன் டை ஆக்சைடை மூச்சு வெளியேற்றுகிறது. மிஞ்சிய அமிலத்தைச் சிறுநீரகம் கழிக்கிறது.

குடித்த தண்ணீர் முதலில் போய்ச் சேருவது இரைப்பைக்கு. அங்கே பி.எச். சுமார் 2. தாது உப்பு அதிகம் இல்லாத, பி.எச். 9 உள்ள ஒரு லிட்டர் தண்ணீரின் காரத்தை முறிக்க, அந்த இரைப்பை அமிலத்தில் ஏறக்குறைய 1 மில்லி போதும். இரைப்பையோ நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் சுரக்கிறது! பைகார்பனேட் நிறைந்த தண்ணீருக்குக் கொஞ்சம் கூடுதல் அமிலம் செலவாகும்; ஆனாலும் ரத்தத்தின் அளவு அசையாது.

சரி, தாள் ஏன் நிறம் மாறியது? சிறுநீரின் பி.எச். 4.5 முதல் 8 வரை ஏறி இறங்குவது இயல்பு. ரத்தத்தை நிலையாக வைக்க, கூடுதலான அமிலத்தையோ காரத்தையோ சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. அந்தத் தாள் காட்டுவது அதைத்தான். விற்பவர் கையில் இருப்பது, அவர் சொல்வதற்கு நேர் எதிரான சாட்சி.

நெஞ்செரிச்சலுக்கு ஒரு மடக்குக் குடித்ததும் இதமாக இருக்கலாம். உணவுக்குழாயில் ஏறிய அமிலத்தைச் சாதாரணத் தண்ணீரும் கழுவி இறக்கும். இரவுச் சாப்பாட்டை முடித்து மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது, தலைமாட்டை உயர்த்துவது, எடை கூடுதல் என்றால் குறைப்பது: இவற்றுக்குப் பலன் அதிகம்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை கிரியாட்டினின்தான்; அது கூடினால் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். சில ஆல்கலைன் தண்ணீரில் பொட்டாசியம், மக்னீசியம் சேர்க்கிறார்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அவை ரத்தத்தில் தேங்கும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பாக மலம் போவது இருந்தால் எண்டோஸ்கோபி தேவைப்படலாம், தள்ளிப்போடாதீர்கள். நடக்கும்போது நெஞ்சு அழுத்தி வியர்த்தால், அதை நெஞ்செரிச்சல் என்று நினைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுங்கள்.