நைட்ரஜனின் அந்த இரண்டு எலக்ட்ரான் எங்கே?

கேள்வி: அக்கா, நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் ஹெட்டரோசைக்கிளிக் பாடம், அதாவது கார்பனோடு நைட்ரஜன் போன்ற வேறு அணுவும் சேர்ந்த வளையங்கள். பிர்ரோல், பிரிடின், இண்டோல், குயினோலின் என்று எல்லா வளையத்தையும் அட்டைகளில் எழுதி, எம்ஆர்டியில் போகும்போதும் வரும்போதும் மனப்பாடம் செய்தேன். அப்படியும் இடைத்தேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. தொடக்கக் கல்லூரியில் எனக்கு ரொம்பப் பிடித்த பாடமே வேதியியல்தான். இப்போது விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
- பெயர் வேண்டாம், ஈசூன்

பதில்: விடாதே, தங்கச்சி. அந்த அட்டைகளை மட்டும் கொஞ்ச நாளைக்கு இழுப்பறைக்குள் போட்டு வை.

தொடக்கக் கல்லூரியில் நீ பெரும்பாலும் பென்சீனோடு நின்றிருப்பாய். அங்கே ஆறு மூலையும் ஒன்றுதான், எங்கே தாக்கினாலும் ஒரே பொருள் கிடைக்கும். ஒரு நைட்ரஜன் உள்ளே வந்துவிட்டால் அப்படி இல்லை. அதனால் எந்த வளையத்தைப் பார்த்தாலும் முதலில் ஒரே ஒரு கேள்வி கேள்: இந்த நைட்ரஜனின் தனி இணை, அதாவது வகுப்பில் 'லோன் பேர்' என்கிறார்களே, அந்த இரண்டு எலக்ட்ரான் எங்கே இருக்கிறது?

பென்சிலை எடு. பிரிடினை வரை. ஐந்து கார்பனும் ஒரு நைட்ரஜனும் ஆளுக்கு ஓர் எலக்ட்ரான் போடுகின்றன, ஆறு சேர்ந்துவிட்டது. பென்சீனைப் போல வளையம் நிலைத்து நிற்க அந்த ஆறு போதும். தனி இணைக்கு அங்கே வேலையே இல்லை. அது வளையத்தின் தளத்திலேயே வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது, அமிலத்தின் புரோட்டானைப் பிடித்துக்கொள்கிறது. பிரிடின் காரமாக இருப்பது இதனால்தான். நைட்ரஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதால் வளையம் வறண்டு கிடக்கிறது. எலக்ட்ரானைத் தேடி வரும் எலக்ட்ரோஃபைல் அங்கே சிரமப்பட்டுத்தான் நுழையும், நுழைந்தாலும் நைட்ரஜனை 1 என்று எண்ணினால் 3ஆம் இடம். எலக்ட்ரானைக் கொடுக்க வரும் நியூக்ளியோஃபைலுக்கு 2, 4 இரண்டும் திறந்த கதவு. 1914இல் சிச்சிபாபின் என்ற வேதியியலாளர் சோடியம் அமைடைச் சேர்த்து 2ஆம் இடத்தில் அமினோ தொகுதியைப் பொருத்தியது இந்தக் கதவு வழியாகத்தான்.

இப்போது பிர்ரோல். நாலு கார்பன், நாலு எலக்ட்ரான். இரண்டு குறைகிறது. நைட்ரஜன் தன் தனி இணையையே கொடுத்து ஆறாக்குகிறது. அப்புறம் புரோட்டானைப் பிடிக்க அதன் கையில் என்ன இருக்கிறது? அதனால் பிர்ரோலைக் காரம் என்றே சொல்ல முடியாது. ஆனால் வளையத்தில் எலக்ட்ரான் நிரம்பி வழிகிறது. எலக்ட்ரோஃபைல் ஓடி வந்து 2ஆம் இடத்தில் உட்காரும். ஏன் 2, ஏன் 3 இல்லை? இரண்டையும் வரைந்து நேர்மின்சுமையை நகர்த்திப் பார். 2இல் தாக்கினால் சுமை மூன்று இடங்களில் பரவும், 3இல் தாக்கினால் இரண்டில்தான். இதை நான் சொல்லி நீ நம்ப வேண்டாம், உன் கையால் அம்புக்குறி போட்டுப் பார்த்துவிடு.

நான் இருபது வருஷத்துக்கு மேல் கரிம வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவள். முதல் வருஷம் புகைக்கூண்டுக்குள் பிர்ரோலைக் காய்ச்சி வடித்தேன், 130 டிகிரி வாக்கில் இறங்கியது. தண்ணீர் மாதிரி நிறமே இல்லை. குடுவையைச் சரியாக மூடாமல் வைத்துவிட்டேன். மறுநாள் இளமஞ்சள், வார முடிவில் தேயிலைச் சாயம் மாதிரி பழுப்பு. காற்றும் வெளிச்சமும் பட்டதற்கே அந்த வளையம் இப்படி மாறியது. எலக்ட்ரான் மிகுந்த வளையம் என்று புத்தகத்தில் பத்து முறை படித்திருந்தேன், அந்தக் குடுவையைப் பார்த்த பிறகுதான் அது மனசில் பதிந்தது.

அடுத்து இமிடசோலுக்குப் போ. எனக்கு மிகவும் பிடித்த வளையம் அது. இரண்டு நைட்ரஜனில் ஒன்று பிர்ரோல் மாதிரி, இன்னொன்று பிரிடின் மாதிரி. முன்னது எலக்ட்ரானைத் தள்ளிக் கொடுப்பதால் பின்னது பிரிடினைவிட நல்ல காரம். புரோட்டானை ஏற்ற பிரிடினின், அதாவது பிரிடினியம் அயனியின் பிகேஏ 5.2, இமிடசோலியத்துக்கு ஏறக்குறைய 7. இந்த எண் கூடினால் காரத்தன்மையும் கூடுதல். நம் உடம்பில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இந்த வளையத்தைச் சுமப்பதால்தான், என்சைம்களுக்குள் புரோட்டானை வாங்கவும் கொடுக்கவும் அதனால் முடிகிறது.

தயாரிப்பு முறைகளையும் பெயரோடு உருப்போடாதே, பின்னோக்கி அவிழ்த்துப் பார். பிர்ரோலில் நைட்ரஜனைத் தொடும் இரண்டு பிணைப்பையும் வெட்டி, அந்த இரண்டு கார்பனிலும் ஆக்சிஜனை வை. 1,4-டைகீட்டோன் வந்து நிற்கும். அதோடு அமோனியாவோ அமீனோ சேர்ந்தால் பிர்ரோல். பால்-நோர் வினை அவ்வளவுதான். இண்டோல் வளையத்தைக் கட்டும் ஃபிஷர் வினை மட்டும் இப்படிச் சுலபமாக அவிழாது. அதை ஒரு மாலை தனியாக உட்கார்ந்து, படி விடாமல் நாலு தடவை எழுது.

அட்டையில் இல்லாத ஒரு வளையத்தைத் தேர்வில் கொடுத்திருப்பார்கள், நீ அங்கேதான் திகைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். இன்றைக்கே நைட்ரஜனும் கந்தகமும் உள்ள தயசோலை வரைந்து அதே கேள்வியைக் கேள். உன் விரிவுரையாளரின் சந்திப்பு நேரத்துக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போ. "எனக்குப் புரியவில்லை" என்று வெறுங்கையோடு போவதைவிட, தப்பான அம்புக்குறியோடு போனால் அவரும் எங்கே பிடித்துத் திருத்தலாம் என்று பார்ப்பார்.

கேள்வி: என் மகன் இதே பாடத்தில் மேற்படிப்பு படிக்கிறேன் என்கிறான். வளையம் வளையமாக வரைவதால் என்ன பயன்?
- ஒரு தந்தை, ஜூரோங் வெஸ்ட்

பதில்: ஐயா, வீட்டில் யாராவது ரத்த அழுத்தத்துக்கோ கொழுப்புக்கோ மாத்திரை சாப்பிடுகிறார்களா? அம்லோடிபின் என்றால் அதில் இருப்பது டைஹைட்ரோபிரிடின் வளையம். லோசார்டன் என்றால் இமிடசோலும் டெட்ரசோலும். அடோர்வாஸ்டாட்டினின் நடுவில் ஒரு பிர்ரோல் உட்கார்ந்திருக்கிறது, அதைக் கட்ட மேலே தங்கச்சிக்குச் சொன்ன பால்-நோர் வினைதான் பயன்பட்டது. மருந்து மூலப்பொருள் செய்யும் ஆலைகள் உங்கள் வீட்டுக்குத் தொலைவில் இல்லை, துவாஸ் பக்கம்தான். அங்கே இந்த வளையங்களைத் தெரிந்தவர்களுக்கு வேலை உண்டு. இன்றிரவு மாத்திரை அட்டையை மகனிடம் கொடுத்து, அந்த வளையத்தை வரைந்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.